சிஓடி சோதனைக்குப் புதிதாக வருபவருக்கு: பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கையாளும் வழி

சேலம், ஆத்தூர், தலைவாசல் பக்கம் ஒரு சேகோ ஆலையின் கழிவுநீர் ஆய்வகத்தில் கெமிஸ்டாகச் சேர்ந்தால், முதல் வாரமே உங்கள் தலையில் விழும் வேலை சிஓடி, அதாவது கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று ரசாயனத்தால் அளக்கும் சோதனை. கிழங்கு வரத்து உச்சத்தில் இருக்கும் மாதங்களில் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் சோதனைக்கு உயிர்நாடி பொட்டாசியம் டைகுரோமேட் என்ற ஆரஞ்சுப் பொடி. கல்லூரியில் பார்த்துப் பழகிய பொருள்தானே என்று பயம் விட்டுப்போயிருக்கும். அங்கே யாரோ கரைத்து வைத்ததை பியூரெட்டில் ஊற்றினீர்கள். இங்கே எடை போடுவதும், கரைப்பதும், கடைசியில் கழிவுக்குக் கணக்குக் காட்டுவதும் நீங்கள்தான்.

இதில் இருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், சுருக்கமாகக் குரோமியம்-6. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பொடியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் புற்றுநோய்க்கு வழி. அதற்கு முன்பே மூக்கின் நடுச்சுவரில் புண், பிறகு துளை, கையில் குரோம் புண், ஒவ்வாமை, ஆஸ்துமா. மரபணுவையும் இனப்பெருக்கத் திறனையும் பாதிக்கும் பொருள் என்றும் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் இந்த வேலையில் இருக்கக் கூடாது. மேற்பார்வையாளர் முகம் சுளித்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆபத்து எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. பொடியை எடை போடும் சில நிமிடங்களில் நுரையீரலுக்கு ஆபத்து, கொதிக்கும் குடுவையில் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து, கழிவுக் கேனில் ஊருக்கே ஆபத்து. கவனத்தை அந்த மூன்று இடத்திலும் செலவழியுங்கள்.

1. தொடும் முன் காகிதங்கள்

பாட்டிலைத் திறப்பதற்கு முன் இவை கோப்பில் இருக்கிறதா பாருங்கள்.

- பாதுகாப்புத் தரவுத் தாள். தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். மொத்தம் 16 பகுதிகள். 4 (முதலுதவி), 6 (சிந்தினால்), 7 (சேமிப்பு), 8 (பாதுகாப்புக் கருவி), 10 (எதோடு சேரக் கூடாது), 13 (கழிவு) ஆகியவற்றை வரி விடாமல் படியுங்கள். இரண்டு பிரதி எடுங்கள்: ஒன்று சுவரில், மற்றொன்று முதலுதவிப் பெட்டியில். விபத்து நடந்தால் இரண்டாவது பிரதி மருத்துவமனைக்குப் போகும்.
- இருப்புப் பதிவேடு. தேதி, தொடக்க எடை, எடுத்த எடை, மீதி, கையொப்பம். பாட்டிலோடு சேர்த்த மொத்த எடையை எழுதினால் போதும். இருப்புப் பார்க்க மூடியைத் திறக்கவே வேண்டாம்.
- வேலையில் சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைச் சீட்டு. ஏன் என்பது கடைசியில்.
- அபாயக் கழிவு அங்கீகாரத்தின் நகல். ஆலைக்கு நீர், காற்று இசைவாணை இருக்கும். ஆனால் ஆய்வகக் கழிவைச் சேர்த்து வைக்கவும் அனுப்பவும் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி தனி அங்கீகாரம் வேண்டும். படிவம் 1-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 120 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அத்தனை நாளையும் எடுத்துக்கொள்வார்கள் என்றே திட்டமிடுங்கள். கேன் நிரம்பிய பிறகு விண்ணப்பிப்பதுதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம்.

2. வாங்குவது: குறைவாக, முடிந்தால் பொடியே வேண்டாம்

முதலில் கணக்கு. திறந்த ரிஃப்ளக்ஸ் முறையில் (குடுவையில் கொதிக்கவைத்து, ஆவியைக் கண்டென்சரில் குளிர்வித்துத் திரும்ப விழ விடுவது) 20 மி.லி. மாதிரிக்கு 0.25 நார்மல் (செறிவின் அலகு) டைகுரோமேட் கரைசல் 10 மி.லி. போகிறது. ஒரு லிட்டர் கரைசலுக்கு 12.259 கிராம் பொடி. அதாவது ஒரு சோதனைக்கு 0.12 கிராம்தான். 100 கிராம் பாட்டில் ஒன்றே 800 சோதனைக்கு மேல் வரும். விலை குறைவு என்று 500 கிராம் பாட்டில் வாங்குவது வருடக்கணக்கில் ஒரு புற்றுநோய்ப் பொருளை அலமாரியில் வளர்ப்பது போலத்தான். ஆய்வகம் மூடும்போது மிச்சப் பொடியை அகற்றும் செலவு, வாங்கிய விலையைத் தாண்டிவிடும்.

அதைவிட நல்ல வழி, 0.25 நார்மல் ஆயத்தக் கரைசலாகவே வாங்குவது. பொடியை விட விலை கூடும். ஆனால் எடை போடும் வேலையே இல்லை, தூசும் இல்லை. தினமும் நான்கு மாதிரியும் ஒரு பிளாங்கும் (மாதிரிக்குப் பதில் தூய நீர்) பார்த்தால், இந்தச் சோதனைகளுக்கு மட்டும் ஒரு லிட்டர் 20 வேலை நாளுக்கு வரும். கரைசல் எளிதில் கெடாது. முதலாளியிடம் கேட்கும்போது, ஃபியூம் ஹூடும் (ஆவியை இழுத்து வெளியேற்றும் பெட்டி) சுவாசக் கவசமும் வாங்கும் செலவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், மறுப்பது சிரமம்.

மூன்றாவது வழி மூடிய ரிஃப்ளக்ஸ். மூடிய சிறு கண்ணாடிக் குழாயில் மாதிரி 2.5, டைஜஷன் கரைசல் (டைகுரோமேட்டும் பாதரச சல்ஃபேட்டும் கலந்தது) 1.5, அமிலக் கரைசல் (வெள்ளி சல்ஃபேட் கலந்தது) 3.5 மி.லி.; டைஜஸ்டர் என்ற சூடேற்றும் கருவியின் 150 °செ. பிளாக்கில் 2 மணி நேரம். குழாய் ஒன்றுக்கு டைகுரோமேட் வெறும் 7 மில்லிகிராம் சொச்சம். திறந்த முறையில் 120-க்கு மேல். பாதரச சல்ஃபேட் 0.4 கிராமுக்குப் பதில் 0.05 கிராம். வெள்ளி சல்ஃபேட் 0.3 கிராமுக்குப் பதில் 0.035 கிராம். வெள்ளி சல்ஃபேட்டின் எடையில் கிட்டத்தட்ட 69 சதவீதம் வெள்ளி. செவ்வாய்ப்பேட்டையில் அன்றைய வெள்ளி விலையைக் கேட்டுப் பெருக்கினாலே டைஜஸ்டர் எத்தனை மாதத்தில் தன் விலையை மீட்டுத் தரும் என்பது தெரிந்துவிடும். புதிதாக ஆய்வகம் அமைப்பவர் கண்ணை மூடிக்கொண்டு இந்த முறைக்குப் போகலாம் என்பது என் கருத்து.

ஒரே தொல்லை, 2.5 மி.லி.யில் திப்பித் (கிழங்குச் சக்கை) துகள் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எண் எகிறும். மாதிரியை ஆய்வகத்துக்கென்றே ஒதுக்கிய மிக்ஸியில் இரண்டு நிமிடம் அடித்துவிட்டு எடுங்கள்.

வாங்கும்போது லேபிளில் சிஏஎஸ் எண் 7778-50-9 இருக்கிறதா பாருங்கள். சோடியம் டைகுரோமேட் விலை குறைவு என்று கடையில் தள்ளிவிடுவார்கள். அது ஈரம் இழுக்கும், எடை நிலைக்காது, திட்டக் கரைசலுக்கு (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) உதவாது.

3. இடம்

பொடி பாட்டிலை இறுக மூடி, பிளாஸ்டிக் தட்டு ஒன்றின் மேல், பூட்டும் இரும்பு அலமாரியில் வையுங்கள். அசிட்டோன், ஸ்பிரிட், மெட்டாபைசல்ஃபைட், ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் ஆகியவை அதே அலமாரியில் கூடாது. அகர வரிசையில் அடுக்குவது அழகுதான், ஆனால் இங்கே ஆபத்து: இது கடும் ஆக்சிஜனேற்றி. சேகோ ஆலையில் இன்னொன்று உண்டு. ஸ்டார்ச் தூசு ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் படியும். எரியக்கூடிய தூசு, ஆக்சிஜனேற்றி இரண்டும் ஒரே தட்டில் சேர விடாதீர்கள். வாரம் ஒருமுறை அலமாரியை ஈரத்துணியால் துடையுங்கள்.

ஃபியூம் ஹூட் இருந்தால் அதன் முகப்பில் காற்று வேகம் நொடிக்கு 0.4 முதல் 0.5 மீட்டர் இருக்க வேண்டும். சுவரில் பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேன் ஃபியூம் ஹூட் ஆகாது. கண் கழுவும் குழாயும் ஷவரும் பத்து நொடியில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கட்டும். சேலத்து வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். கண் கழுவும் குழாய்க்கு நிழலில் உள்ள தொட்டியிலிருந்து இணைப்புக் கொடுங்கள்.

4. எடை போடுதல்

ஆயத்தக் கரைசல் கிடைக்காதபோது மட்டும் இந்தப் படி. இதற்கென்று ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். அவசரத்தில் செய்யக் கூடாத வேலை எதுவென்றால் இதுதான்.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஏசி இருந்தால் அதையும். கதவில் "எடை நடக்கிறது" என்று ஒரு அட்டை தொங்கவிடுங்கள்; யாராவது கதவைப் படாரென்று திறந்தால் வரும் காற்றே போதும். முழுக்கை கோட், கண்ணாடி, நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி ஒன்றன்மேல் ஒன்றாக. முகக்கவசம் குறைந்தது என்95, முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. நீல நிற அறுவைச் சிகிச்சை மாஸ்க் இதற்குச் சுத்தமாக உதவாது.

பொடியை மூடியுள்ள எடைக் குப்பியில் 13 கிராம் அளவுக்கு எடுத்து, 150 °செ. அடுப்பில் 2 மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவிடுங்கள். குப்பியில் மாற்றும் வேலையை ஹூடின் உள்ளே செய்யுங்கள். தராசு ஹூடுக்கு வெளியே இருந்தால் மூடிய குப்பியை மட்டும் அங்கே கொண்டு போங்கள். குப்பியின் எடையைப் பார்த்து, ஹூடுக்குத் திரும்பி, புனல் வழியாக ஒரு லிட்டர் குடுவையில் கொட்டி, காலிக் குப்பியை மறுபடி எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உள்ளே போன எடை.

இங்கேதான் பலரும் சிக்குவது: சரியாக 12.259 வர வேண்டும் என்று ஸ்பேச்சுலாவால் எடுப்பதும் போடுவதுமாக நிற்பார்கள். ஒவ்வொரு முறையும் தூசு கிளம்பும். தேவையே இல்லை. 12.31 கிராம் போயிருந்தால் அதை 49.03-ஆல் வகுங்கள், 0.2511 நார்மல். அதையே பாட்டிலில் எழுதுங்கள். மிச்ச டைகுரோமேட்டை அளக்கப் பயன்படும் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டை எப்படியும் தினமும் இதை வைத்துத்தான் திட்டப்படுத்தப் போகிறீர்கள், கணக்கு ஒத்துப்போகும்.

புனலைத் தண்ணீரால் குடுவைக்குள்ளேயே கழுவிவிடுங்கள். எடைக் குப்பியைக் கழுவிய நீர் மட்டும் தனிப் பாட்டிலுக்கு, இல்லாவிட்டால் வித்தியாசக் கணக்கு குழம்பும். மேசையை ஈரக் காகிதத்தால் துடையுங்கள். உலர்ந்த பிரஷ், பஞ்சு, மரத்தூள் எதுவும் வேண்டாம். துடைத்த காகிதம் ஜிப் பையில், அபாயக் கழிவுக்கு. வெளிக் கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி கழற்றி அதே பையில் போடுங்கள். பிறகு கை கழுவி, அதற்குப் பின்தான் போன், பேனா, டீ டம்ளர்.

5. ரிஃப்ளக்ஸ்

வெள்ளி சல்ஃபேட் கலந்த அமிலத்தை முன்கூட்டியே தயாரியுங்கள். ஒரு கிலோ அடர் சல்ஃபூரிக் அமிலத்துக்கு 5.5 கிராம், முழுதும் கரைய ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். திங்கட்கிழமைக்கு வேண்டுமானால் சனிக்கிழமை போட்டு வையுங்கள். அடர் அமிலத்தை மெல்லிய நைட்ரைல் கையுறை தாங்காது. தடித்த நியோப்ரீன் கையுறை, முகத் தடுப்பு, ஏப்ரன் வேண்டும்.

வரிசை முக்கியம். குடுவையில் பாதரச சல்ஃபேட் 0.4 கிராம், மாதிரி 20 மி.லி., கொதிமணிகள், அமிலக் கரைசலில் கொஞ்சம். ஆட்டிக் கரைய விடுங்கள். பிறகு டைகுரோமேட் 10 மி.லி. கண்டென்சரைப் பொருத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, மீதி அமிலத்தைக் கண்டென்சரின் மேல்வாய் வழியாக மெதுவாக, குடுவையைச் சுழற்றிக்கொண்டே விடுங்கள். மொத்த அமிலம் 30 மி.லி. சூடாக்கும் முன் நன்றாகக் கலந்திருக்க வேண்டும். கலக்காமல் ஹாட் பிளேட்டைப் போட்டால் அடியில் அமிலம் மட்டும் தனியே கொதித்து மொத்தத்தையும் மேலே பீய்ச்சி அடிக்கும்.

பாதரசம் எதற்கு என்பது தெரிந்திருந்தால் அதைக் குறைக்கத் தோன்றாது. மாதிரியில் உள்ள குளோரைடு, சூடான டைகுரோமேட் அமிலத்தோடு சேர்ந்தால் குரோமைல் குளோரைடு என்ற செம்பழுப்பு ஆவி வரலாம். அதுவும் குரோமியம்-6, இந்த முறை ஆவியாகவே மூக்குக்குப் போகும். 0.4 கிராம் பாதரச சல்ஃபேட், லிட்டருக்கு 2000 மி.கி. குளோரைடு வரைதான் பிடித்து வைக்கும். உப்புக் கூடிய போர்வெல் தண்ணீரைக் கழுவலுக்கு எடுக்கும் ஆலைகளிலும், ஸ்டார்ச்சை வெளுக்க ஹைப்போகுளோரைட் போடும் ஆலைகளிலும் முதலில் குளோரைடு பாருங்கள். கூடுதலாக இருந்தால் மாதிரியை நீர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொறி பச்சை நிறம். கிழங்கு கழுவிப் பிழிந்த மூலக் கழிவுநீரின் சிஓடி ஆயிரக்கணக்கில் இருக்கும். 10 மி.லி. டைகுரோமேட் தாங்குவது 20 மி.லி. மாதிரிக்கு அதிகபட்சம் லிட்டருக்கு 1000 மி.கி. நம்பத்தக்க எண் வர 900-க்குள் இருக்க வேண்டும். நீர்க்காமல் போட்டால் சூடு ஏறும்போதே ஆரஞ்சு பச்சையாகிவிடும். அப்போது கொதிக்கும் குடுவையில் இன்னும் கொஞ்சம் டைகுரோமேட் விடலாமே என்று தோன்றும். விடாதீர்கள், பொங்கி முகத்துக்கு வரும். நிறுத்தி, ஆறவிட்டு, பத்து மடங்கு நீர்த்து மறுபடி தொடங்குங்கள். மூலக் கழிவுநீரை முதல் முறையே பத்து மடங்கு நீர்த்துப் போடுவது நேரத்தையும் ரசாயனத்தையும் மிச்சப்படுத்தும்.

கொதி தொடங்கியதிலிருந்து 2 மணி நேரம். இதற்குள் தண்ணீர்த் தொட்டி காலியாகக் கூடாது. மின்சாரம் போனால் பிளேட்டும் அணைந்துவிடும், பெரிய சிக்கல் இல்லை. மின்சாரம் இருந்து தண்ணீர் நின்றால் அமிலப் புகை நேரே அறைக்குள் வரும். ஏப்ரல், மே மாதங்களில் குழாய்த் தண்ணீரை நம்பாமல், ஒரு பெரிய வாளியில் ஐஸ் போட்டுச் சிறு பம்பால் சுழல விடுவது நல்லது. ஆட்களை உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதென்றால், தண்ணீர் நின்றால் எந்த சுவிட்சை அணைக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போங்கள்.

மூடிய முறையில் குழாயில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே பிளாக்கில் வையுங்கள். பழைய மூடி, கீறல் விழுந்த குழாய் இரண்டும் 150 டிகிரியில் வெடிக்கும்.

ஆறிய பிறகு நீர்த்து, ஃபெராயின் என்ற நிறங்காட்டி இரண்டு மூன்று சொட்டு, ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டால் டைட்ரேஷன். நீலப்பச்சை செம்பழுப்பாக மாறும் இடம்தான் முடிவு. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில ஆலைகளில் இருக்கிறது. ரப்பர் பல்பு இல்லாமல் தொடாதீர்கள்.

6. கழிவு: பச்சை ஆனால் பத்திரம் இல்லை

டைட்ரேஷன் முடிந்த குடுவையில் குரோமியம்-6 இல்லை. இரும்பு அதைக் குரோமியம்-3 ஆக்கிவிட்டது. அதனால் சிங்கில் ஊற்றலாம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அதே குடுவையில் கிட்டத்தட்ட 0.27 கிராம் பாதரசம் கிடக்கிறது. நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் பாதரசத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.01 மி.கி. வகுத்துப் பாருங்கள்: ஒரே குடுவை 27,000 லிட்டரை அந்த அளவுக்குக் கொண்டுபோகும். குரோமியம்-6 வரம்பு 0.1 மி.கி., சிஓடி வரம்பு 250. சிஓடியைக் காப்பாற்றப் போய்ப் பாதரசத்தில் மாட்டுவது தேவையில்லாத வேலை.

மூன்று கேன்கள் வையுங்கள்.

முதல் கேன்: டைட்ரேஷன் கழிவு. அமிலம், பாதரசம், வெள்ளி, குரோமியம்-3. இதை உள்ளூரில் எதுவும் செய்ய வேண்டாம். அப்படியே சேர்த்து வைக்க வேண்டும்.

இரண்டாவது கேன்: டைட்ரேஷன் செய்யாமல் நிறமானியில் (நிறத்தை வைத்து அளக்கும் கருவி) பார்த்த மூடிய குழாய்கள், சோதனை பாதியில் கைவிட்டவை. இதில் பாதரசமும் உண்டு, மிச்சக் குரோமியம்-6-ம் உண்டு. இதையும் தொடாமல் அனுப்புவதுதான்.

மூன்றாவது: வெறும் டைகுரோமேட் கழுவல்நீர், பழைய திட்டக் கரைசல். பாதரசம் துளிகூடக் கலக்காதது. இதை மட்டும் ஆய்வகத்திலேயே மாற்றலாம். ஒரு தடவைக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். ஹூடின் உள்ளே, நீர்த்த சல்ஃபூரிக் அமிலத்தால் பிஎச் 2-க்குக் கொண்டுவாருங்கள். 10 சதவீத சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலை மெதுவாக விடுங்கள். ஒரு கிராம் டைகுரோமேட்டுக்கு ஒரு கிராம் போதும் என்பது கணக்கு. ஒன்றரை கிராம் வரை எடுங்கள். கந்தக டைஆக்சைடு வரும், ஆகவே ஹூட் கட்டாயம். ஆரஞ்சு தெளிவான பச்சையாகும். கண்ணை நம்பாமல் ஒரு துளி எடுத்து டைஃபினைல்கார்பசைடு விட்டுப் பாருங்கள். ஊதா வந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது. வராவிட்டால் சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது சுண்ணாம்பால் பிஎச் 8 முதல் 9-க்கு ஏற்றுங்கள். 10-ஐத் தாண்டினால் படிந்த குரோமியம் மறுபடி கரையத் தொடங்கும். இரவு முழுதும் படியவிட்டு வடிகட்டுங்கள். தெளிந்த நீர் ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு (இடிபி). பச்சைச் சேறு அபாயக் கழிவு டிரம்முக்கு.

இதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போடாதீர்கள். டைகுரோமேட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு.

சேலத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை. முதல் கேனில் வெள்ளி இருப்பது தெரிந்தால், உப்புப் போட்டு வெள்ளிக் குளோரைடாகப் படியவைத்துக் கொலுசுப் பட்டறையில் உருக்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தப் படிவில் பாதரசமும் ஒட்டியிருக்கும். ஊதுலையில் வைத்த நிமிடம் அது ஆவி. பட்டறைகள் பலவும் வீட்டோடு இருப்பவை. குழந்தைகள் பக்கத்தில் இருப்பார்கள். கொடுக்கவே கூடாது.

கேன் எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்பதையும் கணக்கிடுங்கள். திறந்த முறையில் நீர்த்த பிறகு குடுவைக்கு 170 மி.லி. அளவு. நாளுக்கு ஐந்து குடுவை, மாதம் 25 நாள் என்றால் 21 லிட்டர். மூடிய முறையில் இரண்டு லிட்டருக்குள். கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வருடத்துக்கு 10 டன்னுக்குள் உண்டாக்கும் சிறு ஆலைகளுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டிக்கலாம்; தானாக வராது, எழுதிக் கேட்க வேண்டும்.

கேன் கனத்த பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உலோகம் கூடாது. கீழே தட்டு. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். படிவம் 8 லேபிள்: ஒளிரும் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, தமிழிலும் இருக்க வேண்டும். முதல் துளி விழுந்த தேதியை எழுதுங்கள். 90 நாள் அதிலிருந்துதான்.

அனுப்புவது கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகாரம் பெற்ற கழிவு மையத்துக்கு. முதலில் உறுப்பினர் ஒப்பந்தம், பிறகு மாதிரி அனுப்பிப் பகுப்பாய்வு, அதன்பின்தான் வண்டி. விலை கேட்கும்போது நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்: உறுப்பினர் கட்டணம், பகுப்பாய்வுக் கட்டணம், எடைக் கட்டணம், வண்டிக்கான குறைந்தபட்சத் தொகை. இருபது லிட்டருக்குக் கடைசி இரண்டில் எது பெரியது என்று பார்த்தால், ஆலையின் மற்ற அபாயக் கழிவோடு, உதாரணமாகப் பழைய எண்ணெயோடு, அனுப்பும் தேதியைச் சேர்த்து வைப்பது லாபம் என்று புரியும். கேன் தனியாகவே போக வேண்டும். தேதி மட்டும்தான் பொது.

வண்டி கிளம்பும்போது படிவம் 10, ஏழு பிரதி. ஓட்டுநர் கையொப்பமிட்ட மஞ்சள் பிரதி உங்களிடம் நிற்கும். மையம் பெற்றுக்கொண்டதற்கு நீலப் பிரதி திரும்பி வர வேண்டும். நீலம் வராத அனுப்புதல் ஆய்வுக்கு வரும் அதிகாரி கண்ணில் முதலில் படும். இரண்டு வாரத்தில் வராவிட்டால் துரத்துங்கள். படிவம் 3 பதிவேடு அன்றன்று எழுத வேண்டியது. படிவம் 4 ஆண்டறிக்கை ஜூன் 30-க்குள்.

7. சிந்தினால், பட்டால்

பொடி சிந்தினால் விசிறியை அணைத்து, ஆட்களை விலக்கி, ஈரக் காகிதத்தைப் பொடியின் மேல் மெதுவாகப் போர்த்தி எடுங்கள். கரைசல் சிந்தினால் மணலால் அணை கட்டி, மெட்டாபைசல்ஃபைட் கரைசல் தெளித்து, பச்சையான பிறகு அள்ளுங்கள். அமிலம் கலந்த சூடான கரைசலின் மேல் மட்டும் அதைத் தெளிக்காதீர்கள். முதலில் மணல், ஆறட்டும்.

தோலில் பட்டால் ஆடையைக் கழற்றி 15 நிமிடம் ஓடும் நீர். கண் என்றால் இமையைப் பிரித்துப் பிடித்து அதே 15 நிமிடம். விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

சூடான டைகுரோமேட் அமிலம் கையில் கொட்டினால், காயம் சிறிதாக இருந்தாலும் வீட்டுக்குப் போய் மருந்து போடுகிறேன் என்பது கூடாது. புண் வழியாகக் குரோமியம் இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலி குறைந்த பிறகு அது தெரியும். கழுவிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது தரவுத் தாள் பிரதியையும் எடுத்துப் போங்கள். "ஆசிட் பட்டுவிட்டது" என்று மட்டும் சொன்னால் சாதாரண அமிலக் காயமாகப் பார்ப்பார்கள். குரோமியம் என்ற சொல் சீட்டில் ஏற வேண்டும்.

8. ஏற்காட்டு மாதிரிகள்

அறுவடைக் காலத்தில் காபித் தோட்டங்களின் பழம் உரிக்கும் கழிவுநீரும் சேலத்து ஆய்வகங்களுக்கு வரும். மேலேயே சோதனை செய்து கொடுங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் டைகுரோமேட்டும் அடர் அமிலமும் காரில் ஏற வேண்டியதில்லை. மாதிரி கீழே இறங்கட்டும். லிட்டருக்கு 2 மி.லி. அளவில் சல்ஃபூரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்து, ஐஸ் பெட்டியில் வைத்தால் 28 நாள் வரை தாங்கும். பாட்டிலில் முன்கூட்டியே அமிலம் விட்டுக் கொடுத்தனுப்பினால், "உள்ளே அமிலம், கழுவாதே" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

9. உடம்புக் கணக்கு

சேரும்போது ஒரு பரிசோதனை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மூக்கின் உள்பக்கம், கை, முன்கை, நுரையீரல் திறன், சிறுநீர். மூக்குத் துளை வலிக்காது. அடிக்கடி தும்மல், காய்ந்த பொருக்கு, லேசான ரத்தம் என்றுதான் தொடங்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் வேலையைச் சொல்லிக் காட்டுங்கள். நகக்கண்ணிலும் விரல் மூட்டிலும் ஆறாத சிறு குழிப்புண் இருந்தால் அன்றே வேலையை மாற்றிக் கேளுங்கள்.

சிமெண்ட் வேலையில் கை அரித்துப் புண்ணான அனுபவம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிமெண்டிலும் குரோமியம்-6 உண்டு. ஒருமுறை ஒவ்வாமை பிடித்த உடம்பு, டைகுரோமேட்டின் மிகச் சிறு அளவுக்கும் கிளம்பும். அவர்களுக்கு இந்த மேசை சரிப்படாது.

குரோம் புண் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இருக்கிறது. இஎஸ்ஐ-யில் இருந்தால் குரோமியத்தால் வரும் நோய் தொழில்நோயாகக் கணக்கில் வரும். ஆனால் நீங்கள் அந்தப் பொருளைக் கையாண்டதற்குக் காகிதம் வேண்டும். இருப்புப் பதிவேட்டில் உங்கள் கையொப்பம் அதற்கும் உதவும். வேலையை விட்டுப் போகும்போது அனுபவச் சான்றிதழில் என்னென்ன ரசாயனம் கையாண்டீர்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனைச் சீட்டுகள் அனைத்துக்கும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நுரையீரல் பாதிப்பு இருபது வருடம் கழித்தும் தலைகாட்டலாம். அப்போது அந்த ஆலை இருக்குமா என்பது தெரியாது, ஆகவே அசல் அவர்களிடமும் நகல் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.